ரிஜெக்ட் டப்பாவில் கிடந்த பாடத்திட்டம்

போன வருடம் ஐப்பசி மாதம். காலை பத்தரை மணி இருக்கும், மழை தூறிக்கொண்டிருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையிலிருந்து சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். "சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்க பையன் விஷயமா." அவ்வளவுதான் சொன்னார். தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) என்னிடம் இரண்டு வருடம் பிட்டர், அதாவது மெஷின் பாகங்களைப் பொருத்துகிற தொழில், படித்து முடித்துவிட்டு அங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையன். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மெஷினில் கையைக் கொடுத்துவிட்டானோ என்ற பயத்தோடுதான் திருமங்கலத்திலிருந்து வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் பையன் முழுசாக நின்றுகொண்டிருந்தான். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. மேஜைமேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் நல்ல பீஸ், இன்னொன்றில் ரிஜெக்ட். இரண்டிலும் விரல் நீளத்துக்கு எஃகுப் பின்கள். விட்டம் 22 மில்லிமீட்டர், 22.00க்கு மேலே போகக்கூடாது, 21.97க்குக் கீழே இறங்கக்கூடாது. அளந்து பிரித்து வைக்கிற வேலையைத்தான் இவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் ரிஜெக்ட் தட்டிலிருந்து ஒரு பின்னை எடுத்து என் கையில் கொடுத்தார். "அளந்து பாருங்க சார்." பையன் வைத்திருந்த மைக்ரோமீட்டரிலேயே, நுண்ணிய அளவு பார்க்கிற அந்தக் கருவியிலேயே, அளந்தேன். 22.01. கூடுதல்தான், ரிஜெக்ட் சரிதான். அவர் ஒன்றும் பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்த துணியால் மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களையும் துடைத்து, பீஸ் எதுவும் வைக்காமல் அதன் முனையிலுள்ள ராட்செட் திருகைத் திருகி மூடி என்னிடம் நீட்டினார். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு 0.03இல் நின்றது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. 22.01 என்று காட்டிய பின் உண்மையில் 21.98. அருமையான பீஸ். அதைத் தூக்கி ரிஜெக்டில் போட்டிருக்கிறான். அதைவிட மோசம், நல்ல தட்டில் இருப்பவை. 21.98 என்று அளந்து நல்லது என்று வைத்தவையெல்லாம் நிஜத்தில் 21.95. அவை சரக்கு வாங்குகிற பார்ட்டிக்குப் போயிருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வந்திருக்கும். சாயங்காலம் லோடு ஏற வேண்டிய சரக்கை நிறுத்திவிட்டு மறுபடியும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார்கள்.

"நான் ஒழுங்காத்தான் சார் படிச்சேன்" என்றான் பையன். பொய் இல்லை. கோட்டை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். பூஜ்யப் பிழை என்றால் என்ன, பாசிட்டிவ்வா நெகட்டிவ்வா, கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஷிப்டு ஆரம்பித்ததும் முதல் வேலையாகத் துடைத்து, மூடி, பூஜ்யம் பார்க்க வேண்டும் என்கிற பழக்கம்தான் அவன் கையில் இல்லை. அது இல்லாததற்குக் காரணம் நான்.

எங்கள் நிலையத்தில் மைக்ரோமீட்டர்கள் பீரோவுக்குள் இருக்கும். விலை கூடின சாமான், பையன்கள் கீழே போட்டுவிடுவார்கள் என்று பயிற்சி அன்று மட்டும் எடுத்துக் கொடுப்போம். 20 பேர் உள்ள யூனிட்டில் ஒருவன் கையில் அது இருக்கும் நேரம் சில நிமிடங்கள். நாங்களே முந்தின நாள் சரிபார்த்து, பெட்டியில் வைத்து, பூஜ்யப் பிழை இல்லாமல் கொடுத்துவிடுவோம். ஆக, பிழை உள்ள கருவியை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்த இடம் சம்பளம் வாங்குகிற இடமாகப் போய்விட்டது.

அந்தச் சூப்பர்வைசர் அண்ணன் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். முப்பது வருடமாக லேத்தில் நிற்கிறவர். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பையனை ஒண்ணும் சொல்லாதீங்க சார். நல்ல பையன். துடைக்கச் சொல்லிக் கொடுங்க, போதும்" என்றார். திரும்பி வரும்போது கப்பலூர் டோல்கேட் நெரிசலில் நின்றபடி நான் யோசித்தது இதைத்தான்: பத்தொன்பது வருடமாகத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிறேன், எத்தனையோ ஆலோசனைக் கூட்டங்களில் முதலாளிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியம் அங்கே ஒருநாளும் வந்ததில்லையே, ஏன்?

அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. ஏசி அறை, குத்துவிளக்கு, பொன்னாடை. கம்பெனி தரப்பிலிருந்து மனிதவளப் பிரிவில் இருப்பவர் வருவார்; மெஷின் பக்கம் அவருக்கு வேலையே இருக்காது. எங்கள் தரப்பில் நிலைய முதல்வர் பேசுவார். "உங்களுக்கு எத்தனை பேர் தேவைப்படும்?" என்று கேட்போம். அவர்கள் ஐம்பது என்பார்கள், நூறு என்பார்கள். குறித்துக்கொள்வோம். வருட முடிவில் எடுப்பது எட்டுப் பேரோ பத்துப் பேரோ. அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது. அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன ஆர்டர் வரும் என்பதே சின்னப் பட்டறைக்காரருக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் படிப்பு முடிக்கிற பையனுக்கு இன்றைக்கே எண்ணிக்கை சொல் என்றால் அவர் வாயில் வந்த எண்ணைத்தான் சொல்வார்.

அப்புறம், "பாடத்திட்டத்தில் என்ன சேர்க்கலாம்?" என்று கேட்போம். சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டுகிற மெஷின்) வேண்டும், ஆங்கிலம் வேண்டும், ஒழுக்கம் வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் இதே மூன்றுதான். டீ வரும், போட்டோ எடுப்போம், கலைவோம்.

தொழில்துறையைப் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்கிற எண்ணம் அரசுக்கு இல்லாமல் இல்லை. 2007-08இல் மத்திய அரசு நாடு முழுக்க 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு என்று ஒரு திட்டம் தொடங்கி, அதில் சேர்ந்த ஒவ்வொன்றின் நிர்வாகக் குழுவுக்கும் இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தது. குழுத் தலைவர் தொழில்துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு மத்திய அரசுப் பணம் வாங்கும் உள்ளூர்க் கல்வி அமைப்புகள், உள்ளூர் முதலாளிகளையும் கலந்துகொண்டு குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேவை மதிப்பீடு செய்தாக வேண்டும் என்று 2018இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1969லிருந்தே சட்டம் இருக்கிறது. பையன் வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் தொழிற்சாலை. நம்மிடமும் 2016லிருந்து அதைப் போன்ற இரட்டைமுறைப் பயிற்சி உண்டு. கூப்பிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. யாரைக் கூப்பிட்டு என்ன கேட்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம் என்று எனக்கு அந்த மழை நாளில் தோன்றியது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியங்களில் பட்டறை பட்டறையாகப் போக ஆரம்பித்தேன். கப்பலூரிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலுமாக ஒன்பது இடம். முதலாளியிடம் அனுமதி மட்டும்தான் வாங்குவேன். பேச்செல்லாம் மெஷினை வேலைக்குத் தயார்செய்கிற செட்டரோடும் சூப்பர்வைசரோடும்தான். எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்கவே இல்லை. "போன வாரம் ரிஜெக்ட் ஆனதைக் கொஞ்சம் காட்டுறீங்களா அண்ணே?" இது ஒன்றுதான் கேள்வி.

முதலில் தயங்குவார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் அழுக்குத் துணியைக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் டப்பாவை மேஜையில் கவிழ்த்துவிட்டால் போதும், பேச்சு தானாக வரும். ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு கதை இருக்கும். இது ராத்திரி ஷிப்டில் இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றிவிட்டு ஆஃப்செட் (அதற்கான அளவுத் திருத்தம்) போட மறந்தது. இது டிராயிங்கில் இருந்த விட்டத்தை ரேடியஸ் என்று நினைத்தது. இது வைஸில் இறுக்கும்போது அடியில் ஒரு சுருள் சீவல் மாட்டிக்கொண்டு சாய்ந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் நோட்டில் நாலு பக்கம் நிரம்பிவிடும். ஆலோசனைக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தைப் பத்து வருடத்துக்குப் புரட்டினாலும் அவ்வளவு விஷயம் கிடைக்காது.

ரப்பர் கம்பெனியில் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்கிற இடங்கள் நிறைய. டயரிலிருந்து பெல்ட், ஆயில் சீல், புஷ் வரைக்கும் எல்லாமே இங்கே உண்டு. ஆனாலும் எங்கள் பிட்டர் வகுப்பில் நான் ரப்பர் என்ற வார்த்தையையே அதிகம் சொன்னதில்லை. அது கெமிக்கல் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே டப்பாவில் நாற்பது சொச்சம் ரப்பர் புஷ், குழாய் மாதிரியான வளையம், கிடந்தது. பாதிக்கு மேல் ஒரே குறை. நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு படி. மேல்பாதியும் கீழ்பாதியும் நேராகச் சேராமல் ஒரு மயிரிழை விலகியிருந்தது. சுற்றிலும் பிளாஷ், அதாவது அச்சின் இடுக்கில் பிதுங்கிய ரப்பர், தடிமனாக நின்றது. அங்கே பிளாஷ் வெட்டுகிற பெண்கள் சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர், "இந்த மோல்டுல வர்ற பீஸுதான் சார் கை வலிக்குது" என்று ஒரு பிரெஸ்ஸைக் காட்டினார்.

அந்த மோல்டை, அதாவது ரப்பரை வைத்து அழுத்துகிற அச்சை, சூடு ஆறியபின் கழற்றிக் காட்டினார்கள். இரண்டு பாதிகளையும் நேராக உட்காரவைக்கும் கைடு பின் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பின் நுழைகிற உலோகப் புஷ்ஷும் ஓவலாகிவிட்டது. 170 டிகிரியில் ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடினால் எந்தப் பின்தான் தேயாது? அதைக் கழற்றி, துளையை ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டுச் சரிசெய்து, புதுப் பின் அடித்தால் ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. அதற்கு அங்கே ஆள் இல்லை. வெளியே டூல்ரூமுக்கு அனுப்பினால் ஒரு வாரம். அதுவரை இப்படியே ஓட்டுகிறார்கள். அந்த அம்மா தடிமனான பிளாஷை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

துளை போடுவது, ரீமர் போடுவது, பின் பொருத்துவது எல்லாமே பிட்டர் பாடத்தில் இருக்கிறது. இரண்டு இரும்புத் தட்டைக் கொடுத்து, ராவி, துளையிட்டு, பின் போட்டுச் சேர்க்கச் சொல்வோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடுக்கில் ஒளி வருகிறதா என்று பார்ப்போம். பையன்களும் பிரமாதமாகச் செய்வார்கள். செய்து முடித்த பீஸ் எங்கே போகும்? மதிப்பெண் போட்டதும் சாக்கில் போட்டுப் பழைய இரும்புக்கு. அந்த வேலை எதற்கு உதவும் என்று பையனுக்கும் தெரியாது, சொல்லிக்கொடுக்கிற எனக்கும் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தேய்ந்த பின்னால் ஒரு அம்மாவின் மணிக்கட்டு வலிக்கிறது.

அந்த முதலாளியிடம் நான் கேட்டது பணம் இல்லை, பேனர் இல்லை. ஓரமாகப் போட்டிருந்த இரண்டு பழைய மோல்டுகளைக் கேட்டேன். கொடுத்தார். இப்போது எங்கள் இரண்டாம் வருடப் பையன்கள் சாக்குக்குப் போகிற தட்டுக்குப் பதிலாக அந்த மோல்டில் ரீமர் போடுகிறார்கள். செட்டர் தம்பி ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "இது டைட்டா இருக்கு, சூடானா கவ்விக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சூடானால் உலோகம் விரியும் என்பது அறிவியல் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். கவ்விக்கொள்ளும் என்று அவர் சொன்ன பிறகுதான் பையன்கள் கையில் ஏறியது.

இன்னொரு விஷயமும் அங்கேதான் தெரிந்தது. பிரெஸ்ஸில் சூடு சரியாக ஏறவில்லை என்றால் ரப்பர் வேகாமல் கொழகொழவென்று வரும். காரணம் ஹீட்டரா, சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் கழன்றதா, கண்ட்ரோலரா என்று பார்க்க எலக்ட்ரீசியன் வேண்டும். ஹைட்ராலிக் ஆயில் கசிந்தால் பிட்டர் வேண்டும். பட்டறையில் இரண்டு பேரும் ஒரே மெஷினுக்கு முன்னால்தான் நிற்பார்கள். எங்கள் நிலையத்தில் பிட்டருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் நடுவில் சுவர். டிபன் வேளையில்கூடப் பையன்கள் தனித்தனி மரத்தடி. வாரத்துக்கு ஒரு மதியம் அந்த இரண்டு வகுப்பையும் ஒரு பழைய பிரெஸ் முன்னால் சேர்த்து நிறுத்துவதற்கு எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. மெஷின் கிடைக்காததால் இல்லை, டைம்டேபிள் ஒத்துவராததால்.

சரி, சி.என்.சி.க்கு வருகிறேன். முதலாளிகள் எல்லாரும் கேட்பது அதுதான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்கள் வந்திருக்கின்றன. கிராமத்துப் பிள்ளைகள் ரோபோவையும் சி.என்.சி.யையும் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பது உண்மையிலேயே பெரிய காரியம். நான் படித்த காலத்தில் அப்படியொரு மெஷினைப் படத்தில்தான் பார்த்தேன். ஆனால் "சி.என்.சி. தெரிஞ்ச ஆள் வேணும்" என்று சொல்கிற முதலாளியின் கடைக்குள் போய் அரை நாள் நின்றால், அவருக்குப் புரோகிராம் எழுதுகிற ஆள் தேவைப்படவே இல்லை என்று தெரிகிறது. புரோகிராம் ஏற்கெனவே இருக்கிறது. இன்சர்ட் தேய்வதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன், மாற்றியதும் முதல் பீஸை அளந்து ஆஃப்செட் திருத்துகிறவன், அளப்பதற்கு முன்னால் துடைக்கிறவன் வேண்டும். மறுபடியும் அந்த மைக்ரோமீட்டரிடமே வந்து நிற்கிறோம்.

பாடத்திட்டம் தில்லியிலிருந்து வருகிறது, பரீட்சை நாடு முழுக்க ஒன்று, நாம் என்ன செய்ய முடியும் என்று சக பயிற்றுநர்கள் கேட்பார்கள். நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடத்தை மாற்ற முடியாது, உண்மை. ஆனால் எந்தப் பொருளைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறோம், காலையில் முதல் பதினைந்து நிமிடம் என்ன நடக்கிறது, பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் தில்லி தீர்மானிப்பதில்லை. இப்போது எங்கள் மைக்ரோமீட்டர்கள் மேஜையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை வேண்டுமென்றே பூஜ்யம் தள்ளி வைத்திருக்கிறேன். எது என்று சொல்லமாட்டேன். தினமும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று கீழே விழுந்து போய்விட்டது; போனால் போகிறது.

இதுவரை முதலாளிகள் சொல்வதை நாம் கேட்பதைப் பற்றியே பேசினேன். அவர்கள் தரவேண்டியதும் இருக்கிறது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே நாம் பல வருடத்தை வீணாக்கிவிட்டோம் என்பது என் அழுத்தமான கருத்து.

1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை. குறைந்தபட்ச உதவித்தொகையையும் அப்போது படிப்புக்கு ஏற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். 2016இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவும் இருந்தும் என்ன நடக்கிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி எங்களிடமிருந்து பதினோரு பையன்களை எடுத்தது. பெயர் வேண்டாம். ஒரு வருடம் முழுக்க அவர்களைப் பேக்கிங்கிலும் லோடு ஏற்றுவதிலும் போட்டு வைத்தார்கள். பயிற்சிப் பதிவேட்டில் வாரம் வாரம் லேத், மில்லிங் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வருடம் முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பதினோரு பேர் கேட்டு எங்களுக்கே கடிதம் போட்டார்கள். முந்தின பதினோரு பேரில் ஒருவன் என்னிடம் வந்து, "சார், நான் ஐ.டி.ஐ. முடிச்சப்ப தெரிஞ்சதுகூட இப்ப மறந்துபோச்சு" என்றான். அந்தக் கடிதத்துக்கு நாங்கள் பதில் போடவில்லை. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒருவராவது போய்ப் பார்த்திருந்தால் அந்தப் பையன்களின் ஒரு வருடம் தப்பியிருக்கும். போகாதது எங்கள் தப்பு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் இப்போது ஆள் அனுப்பும் முன் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குகிறோம். எந்த மாதம் எந்த மெஷின், யார் சொல்லிக்கொடுப்பார், மாதம் ஒருமுறை நாங்கள் உள்ளே வந்து பார்க்கலாம். இரண்டு இடங்களில் இதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். அங்கே அனுப்பவில்லை. பையன்கள் கொஞ்சம் குறைவான இடங்களுக்குத்தான் போகிறார்கள், ஆனால் திரும்பிவந்து பேசும்போது கையைக் காட்டிப் பேசுகிறார்கள்.

பஸ்ஸைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுசாகாது. மூன்று மாதத்தில் பையன்கள் ஓடிவிடுகிறார்கள் என்று எல்லா முதலாளிகளும் குறைப்படுகிறார்கள். ஓடிய சிலரிடம் பேசினேன். ஒருவன் கள்ளிக்குடிக்கு உள்ளே ஒரு கிராமம். இரண்டாம் ஷிப்டு ராத்திரி பத்து மணிக்கு முடியும். அதற்கு மேல் மெயின்ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து இறங்கி, நாலு கிலோமீட்டர் நடந்து வீடு சேர பன்னிரண்டரை. காலையில் அம்மாவுக்கு ஆட்டைப் பத்திவிட எழுந்திருக்க வேண்டும். மதுரையில் சாப்பாடு டெலிவரிக்குப் போனால் அன்றன்றைக்குக் காசு, நேரம் அவன் கையில். எப்படி நிற்பான்? அவனுக்கு முதல் ஷிப்டு மட்டும் கொடுங்கள், ஆறு மாதம் பாருங்கள் என்று ஒரு சூப்பர்வைசரிடம் மன்றாடிக் கேட்டு வாங்கினேன். நின்றுவிட்டான்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா, மகளை டர்னர் (லேத் தொழில்) படிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்க வந்தார். பாடம் கடினமா என்று கேட்பார் என்று நினைத்தேன். "அந்த கம்பெனில பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இருக்கா சார்?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் போய்வந்த ஒன்பது பட்டறைகளில் ரிஜெக்ட் டப்பாவையெல்லாம் பார்த்தவன், இதைப் பார்க்கவில்லை. மறுவாரம் திரும்பவும் போய்ப் பார்த்தேன். நான்கில் இருந்தது, அதிலும் இரண்டில்தான் கதவுக்குத் தாழ்ப்பாள். முதலாளிகளிடம் நேராகச் சொன்னேன்: ஆள் இல்லை ஆள் இல்லை என்கிறீர்கள், பாதி ஆட்கள் வராமல் இருப்பதற்கு இந்தத் தாழ்ப்பாள்தான் காரணம். ஒருவர் மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பிள்ளை இப்போது டர்னர் முதல் வருடம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும், அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருவதும் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று அந்த அம்மா பேசும்போது தெரிந்தது.

இதைப் படிக்கிற சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். வரவேண்டும். உள்ளூர் முதலாளிக்கு ஏற்றபடி பிள்ளைகளைத் தயார் செய்வது என்றால், ஏழை வீட்டுப் பிள்ளை பட்டறைக்கு, மற்ற பிள்ளை காலேஜுக்கு என்று பிரிப்பதாகாதா? 1953இல் ராஜாஜி ஆட்சியில் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அதைக் குலக்கல்வி என்று இந்த நாடு எதிர்த்தது. 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. என் அப்பா அந்த வயசுப் பள்ளிக்கூடப் பிள்ளை. கொத்தனார் மகன் கொத்தனார்தானா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

கைத்தொழிலோடு சேர்ந்த படிப்புக்கு வேறொரு முகமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. டி.கல்லுப்பட்டியில் 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய இடம். நூற்பதும் தச்சும் அங்கே பிள்ளையின் அறிவை வளர்க்கும் வழியாக இருந்தன. யார் மகன் எதைச் செய்ய வேண்டும் என்ற கணக்கு அதில் கிடையாது. மதுரையின் தொழில் வரலாற்றிலும் அப்படி ஒன்று உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் நூறு வருடத்துக்கு முன்பே இங்கே பஸ் விட்டார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியிலிருந்து எரிவாயு எடுத்து வண்டியை ஓட்டும் பிளாண்டை அவர்கள் செய்தார்கள். கண்முன்னால் நின்றுபோன வண்டிதான் அன்றைக்கு அந்த மெக்கானிக்குகளுக்குப் பாடம்.

ஆகவே, ஒரு பட்டறையோடு சேர்ந்து திட்டம் போடும்போது, இந்தப் பையன் இங்கேயே நின்றுவிடாமல் மேலே போவதற்கு வழி என்ன என்பதையும் அதே காகிதத்தில் எழுதச் சொல்கிறேன். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே அந்த விண்ணப்பம் போட ஒருநாள் லீவு தருவீர்களா, படிக்கப் போனால் சான்றிதழைப் பிடித்துவைக்காமல் அனுப்புவீர்களா என்று கேட்டு வாங்குகிறேன். ஒரு முதலாளி, "நான் பழக்கிவிட்டு இன்னொருத்தன் கொண்டுபோகவா சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நஷ்டம் அவருக்குத்தான். நான் அவரிடம் சொன்னது, அவர் பட்டறையில் இப்போது நிற்கிற நல்ல செட்டரும் எங்கேயோ பழகிவிட்டு வந்தவர்தானே என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஐப்பசிப் பையன் இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். போன வாரம் புதுப் பையன்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சூப்பர்வைசர் அண்ணன் பார்ட்டியோடு போனில் இருந்தார், இவனைக் கைகாட்டிவிட்டார். இவன் நாலு பேரையும் மேஜைக்குக் கூட்டிப்போய், சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு மைக்ரோமீட்டரை நீட்டினான். நாலு பேரில் ஒருவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நேராகப் பின்னை எடுக்கப் போனான். "தம்பி, அத வையி" என்றான் இவன்.